இரண்டு தட்டு

பைப் பிடிக்கிறவனுக்கு அதன் வாசனை சரியாகத் தெரியாது. சொன்னால் பலர் நம்புவதில்லை. வெண்ணிலா, காய்ந்த பழம், ஒரு துளி ரம் என்று புகையிலை டப்பாவின் மூடியில் எழுதியிருப்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். இழுக்கிறவனுக்குக் கிடைப்பது கொஞ்சம் சூடு, கொஞ்சம் கசப்பு, அவசரப்பட்டால் நாக்கில் எரிச்சல். "வாசனை உங்க அண்ணிக்கு, இருமல் எனக்கு" என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

நீங்கள் இந்த ஸ்டேஷன் மேஜைமேல் வைத்திருக்கிறீர்களே, அது அவருடைய பைப். வாயில் வைக்கும் நுனியைப் பாருங்கள், பல் பதிந்த தடம் தெரியும். இரண்டு தடங்கள் இருக்கும். தேய்ந்துபோனது அவருடையது. புதியது என்னுடையது.

அண்ணன் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் இந்தக் கலவை பிடித்துப்போய், ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தபோதும் அதையே தேடி வாங்கினார். பழைய காலத்துக் கலவை. இப்போது யாரும் கேட்பதில்லை. கடைவீதியில் ஒரே ஒருவர் அதை வரவழைத்துத் தருவார். "உங்க அண்ணன் இருக்கிற வரைக்கும்தான் சார் இது, அப்புறம் நிறுத்திடுவேன்" என்று அவர் விளையாட்டாகச் சொல்வதுண்டு. அவர் நிறுத்தவேயில்லை. நிறுத்த நான் விடவில்லை.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டுப் பின்னறையில்தான் என் குடித்தனம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாப்பாட்டு மேஜை வாங்கியபோது இரண்டு நாற்காலிதான் வாங்கினார்கள். எனக்கு வேறு எங்கிருந்தோ ஒன்று வந்து சேர்ந்தது, வேறு மரம், வேறு உயரம். அன்றிலிருந்து அண்ணன் எனக்கு மூணாவது நாற்காலி என்று பெயர் வைத்துவிட்டார். அன்பாகத்தான் கூப்பிட்டார். நானும் சிரித்தேன். கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று எதையும் மறைக்கிற எண்ணம் இல்லை.

அண்ணிக்கு இரண்டு கண்ணிலும் புரை. முற்றிப்போய், வெளிச்சம் எது இருட்டு எது என்று மட்டும் தெரிகிற நிலை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். ஆனால் கத்தி என்றாலே அவருக்கு நடுக்கம், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அதற்குள் அண்ணனைப் பக்கவாதம் தாக்கியது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது.

தட்டுகிற பழக்கம் அப்போது வந்ததுதான். அண்ணியே ஏற்படுத்தியது. பைப்பால் பித்தளைச் சாம்பல் கிண்ணத்தில் ஒரு தட்டு தட்டினால் சரி. இரண்டு தட்டினால் வேண்டாம். பார்க்க முடியாத மனைவியும் பேச முடியாத கணவனும் வேறு எப்படிக் குடும்பம் நடத்துவது? புகையிலையைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். அண்ணி கேட்கவில்லை.

"சாயங்காலம் ஒண்ணே ஒண்ணு. அந்த வாசனை வந்தாத்தான் அவர் வீட்ல இருக்கார்னு எனக்குத் தெரியும், தம்பி."

ஒரு கை விழுந்தவரால் புகையிலையை அடைக்க முடியாது. அதனால் நான் அடைப்பேன். அடியில் தளர்வாக, மேலே கொஞ்சம் இறுக்கமாக. தீக்குச்சி கிழித்து, நாலைந்து இழுப்பு இழுத்து, கங்கு பிடித்ததும் அண்ணனுடைய இடது கையில் கொடுப்பேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நின்றுபோனது அந்தக் கடைசிக் காரியம் ஒன்றுதான், கையில் கொடுப்பது.

மழைக்காலத் தொடக்கத்தில் அண்ணனுக்கு மறுபடி வந்தது. வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். ஆம்புலன்சில் ஏற்றும்போது அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சீக்கிரம் கூட்டிட்டு வந்துடுங்க தம்பி. அவர் வந்ததும் நான் கண்ணைப் பண்ணிக்கிறேன். கட்டு அவிழ்த்ததும் முதல்ல அவர் மூஞ்சியைத்தான் பார்ப்பேன்."

அண்ணன் திரும்பி வரவில்லை. அங்கேயே இறந்தார். அங்கேயே எல்லாக் காரியங்களையும் முடித்துவிட்டு நான் தனியாக வந்தேன். வரும் வழியெல்லாம் அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று சொல் சொல்லாகக் கோத்துக்கொண்டு வந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

வீட்டில் அண்ணி காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தார். துணைக்கு இருந்த கீழ்வீட்டு டீச்சரிடம் படிக்கட்டில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். "எழுந்ததும் நானே பக்குவமா சொல்லிக்கிறேன் டீச்சர்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் கூடத்தில் அண்ணனின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். களைப்பு, துக்கம், வீடு முழுக்க ஒரு வெறுமை. கை பழக்கத்தில் பைப்பை அடைத்துப் பற்றவைத்தது. அண்ணனை இன்னும் கொஞ்ச நேரம் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வாசனை அறைக்குள் போயிருக்க வேண்டும். சுவரைத் தடவிக்கொண்டு அண்ணி வெளியே வந்தார்.

"வந்துட்டீங்களா? ஏன் என்னை எழுப்பலை?"

என் மனசில் கோத்து வைத்திருந்த சொற்களெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயின. அண்ணியின் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை அதற்கு முன் நேருக்கு நேர் நான் பார்த்ததில்லை. எப்போதும் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன், வேறொருவருக்குப் போகிற வழியில். அன்று அது நேராக என்னிடம் வந்தது. கையில் பைப் இருந்தது. பக்கத்தில் கிண்ணம் இருந்தது. ஒரு முறை தட்டினேன்.

ஒரு நாளைக்கு என்றுதான் நினைத்தேன். காய்ச்சல் இறங்கட்டும் என்று. பிறகு அவர் உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று. சொல்லாமல் விட்டது ஒவ்வொரு நாளும் சொல்வதைக் கஷ்டமாக்கியது. கீழ்வீட்டு டீச்சரிடமும் மற்ற வீட்டுக்காரர்களிடமும், "அண்ணிகிட்ட அதைப் பத்தி மட்டும் பேசாதீங்க, தாங்க மாட்டாங்க" என்று கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. சமையலுக்கு வந்துகொண்டிருந்த அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது, அதனால் அவரை நிறுத்திவிட்டு நானே சமைத்தேன்.

பகலில் நான் கடைக்குப் போக வேண்டும் அல்லவா? அதற்கும் ஒரு வழி செய்தேன். அண்ணனுக்குப் பகல் முழுவதும் உடற்பயிற்சி சிகிச்சை, காலையில் நான் கொண்டு விட்டு மாலையில் கூட்டி வருகிறேன் என்றேன். இரவில் படுத்தால் அவருக்கு மூச்சு முட்டுகிறது, நாற்காலியிலேயே தூங்கட்டும் என்றேன். மாலையில் கதவைத் திறந்ததும் அண்ணனின் கைத்தடியை ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பேன். "மெதுவா அண்ணா, மெதுவா" என்று என் குரலில் நானே சொல்லிக்கொள்வேன். நாற்காலியில் தொப்பென்று உட்காருவேன். சிரிக்கிறீர்களா? முதல் வாரம் எனக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

பைப் புகையும் வரை அண்ணி பேசிக்கொண்டிருப்பார். அந்தக் கலவையை நிதானமாக இழுத்தால் நல்ல நேரம் நிற்கும். நான் மிக நிதானமாக இழுக்கக் கற்றுக்கொண்டேன். தன் சின்ன வயசு, தலைவலி, ஜன்னலில் வந்து உட்காரும் புறா எல்லாவற்றையும் சொல்வார். என்னைப் பற்றியும் என்னிடமே சொல்வார்.

"உங்க தம்பி சாம்பார்ல உப்பே போடுறதில்லை. நீங்களாவது சொல்லக் கூடாதா?"

ஒரு தட்டு.

"பாவம், நமக்காக நாயா உழைக்கிறார். அவருக்கு ஒரு பொண்ணு பார்க்கணுங்க."

இரண்டு தட்டு. அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீங்களா, சோறு போட ஆள் போயிடும்னு பயம் உங்களுக்கு."

நான் அவரை விரலால்கூடத் தொட்டதில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அவர் என் வலது கையைப் பிடித்துக்கொள்வார், அதை விழுந்துபோன கை மாதிரி மடியில் கிடத்தியிருப்பேன். எனக்கும் அண்ணனுக்கும் அப்பாவின் கை, ஒரே அகலம், ஒரே சொரசொரப்பு. நான் பிடிக்கவில்லை, அவர்தான் பிடித்தார். முகத்தைத் தொட வந்தால் இரண்டு தட்டு தட்டிவிடுவேன். "வாய் கோணிப் போச்சுன்னு வெக்கமா? என்கிட்ட என்ன வெக்கம்?" என்பார். ஆனாலும் கையைப் பின்னுக்கு எடுத்துக்கொள்வார். அவ்வளவு மரியாதை அண்ணன்மேல்.

எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லாமலில்லை. நாக்கு வெந்து புண்ணாகி, சாப்பாடு இறங்காத நாட்கள் உண்டு. வேண்டும் எனக்கு என்று நினைத்துக்கொள்வேன். அது போதும் என்றும் நினைத்தேன். மற்றபடி யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு விதவை விதவை என்று தெரியாமல் சந்தோஷமாக இருந்தார். அவ்வளவுதானே என்று அப்போது எனக்குத் தோன்றியது.

கண் விஷயத்தை நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வருகிறேன்.

அண்ணி வாக்குத் தவறாதவர். அவர் வந்ததும் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார், இப்போது அவர் வந்துவிட்டார். உடம்பு தேறியதும் ஒரு மாலை நாற்காலிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"நாளைக்கே போய்க் காட்டட்டுமாங்க? எனக்கு இப்ப பயமே இல்லை."

நான் புகையை உள்ளே வைத்துக்கொண்டு யோசித்தேன். இரண்டு தட்டு தட்டினேன்.

அண்ணிக்கு ஆச்சரியம். தன்னைக் கத்தியிடம் அனுப்ப அண்ணனுக்குத்தான் பயம் என்று எடுத்துக்கொண்டார். அந்த அன்பை நினைத்து அழக்கூடச் செய்தார். பிறகு அடிக்கடி கேட்டார், கெஞ்சலாக, கோபமாக, விளையாட்டாக. ஒவ்வொரு முறையும் இரண்டு தட்டு. "சரி, நீங்க சொன்னா சரி" என்று எழுந்து போவார். என் சொந்தக் குரலில் நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். மூணாவது நாற்காலி சொல்வதை யார் கேட்பார்கள்?

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். முற்றிய புரையை விட்டுவைத்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், நரம்பு செத்துவிடும், அதற்குப் பிறகு எந்த டாக்டராலும் திருப்பித் தர முடியாது என்பது எனக்குத் தெரியும். யாரோ சொல்லிக் கேட்டதில்லை, நன்றாகவே தெரியும். எத்தனையோ பேரிடம், "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, நாளைக்குன்னு வெக்காதீங்க" என்று கல்லாப் பக்கம் வந்து நானே சொல்லியிருக்கிறேன்.

வலி போன மாதம் வந்தது. கண்ணும் நெற்றியும் பிளந்துபோகிற வலி. அண்ணி வாந்தி எடுத்தார். சுவரில் தலையை முட்டிக்கொண்டார். நான் என் குரலில் மாத்திரை தருகிறேன் அண்ணி என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தவழ்ந்து வந்து நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி காலியாக இருந்தது. நான் ஓசைப்படாமல் அதில் உட்கார்ந்தேன்.

"இப்பவாவது போகலாம்னு சொல்லுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். போகட்டுமா?"

பைப் ஆறிக் கிடந்தது. அதை எடுத்து இரண்டு தட்டு தட்டினேன்.

மறுநாள் நான் கடையில் இருந்தபோது அலறல் கேட்டு டீச்சர் மேலே வந்து, அண்ணியை ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே அண்ணி டாக்டரம்மாவிடம், வீட்டுக்காரர் வேண்டாம் என்றதால்தான் இத்தனை நாள் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் பக்கத்தில் நின்றிருந்தார். அதற்குமேல் அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு கண்ணும் போய்விட்டன என்பதும் தெரியும். வெளிச்சம் எது இருட்டு எது என்பதுகூட அவருக்கு இனிமேல் தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது நீளமான நடையில் வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் அண்ணி உட்கார்ந்திருந்தார். எல்லாம் ஒரே மாதிரி நாற்காலிகள், ஒரே உயரம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். என் சட்டையில் அந்த வாசனை எப்போதும் இருக்கும். அவர் திரும்பவில்லை.

"தம்பி, டீச்சர் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "அவர் போனது போகட்டும். நீங்க நாற்காலியில உக்காந்ததும் போகட்டும். ஒண்ணு மட்டும் நான் தெரிஞ்சுக்கணும். நேத்து நான் காலைப் பிடிச்சுக் கேட்டப்போ தட்டினது... அதுவும் நீங்கதானா? என் வலியைப் பார்த்துக்கிட்டேவா?"

எனக்கு வாய் இருந்தது, குரல் இருந்தது. ஆமாம் அண்ணி என்று சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் என் பேச்சென்று யாராவது காது கொடுத்துக் கேட்டது இந்தத் தட்டு ஒன்றைத்தான். சட்டைப்பையிலிருந்து பைப்பை எடுத்து, நாற்காலியின் இரும்புக் கையில் ஒரே ஒரு தட்டு தட்டினேன்.

அந்தச் சத்தத்துக்கு அண்ணியின் முகம் பழக்கத்தில் என் பக்கம் திரும்பி மலர்ந்தது. ஒரு கணம்தான். பிறகு அவருக்கு நினைவு வந்துவிட்டது.

அந்த ஒரு கணத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அது எனக்கு வந்தது, அண்ணனுக்கு இல்லை.