உலர்த்தும் அறையின் கண்ணைக் காத்தவருக்கு

மீகூன் என்னும் அரிசிச் சேமியா ஆலையின் மதிப்புமிகு கட்டுப்பாட்டுப் பொறியாளரே! கனலைக் கட்டியாண்ட கரமே! அதட்டலுக்கு அடங்காத ஆற்றலே! அறுபது அகவையில் ஓய்வு பெறும் எங்கள் ஹாஜரா அக்கா அவர்களே! நிர்வாகம் நடத்த மறுத்த இவ்விழாவை, பாகான் டாலாம் மண்டபத்தில், நாங்களே நாற்காலி தூக்கிப் போட்டு, தலை நிமிர்ந்து நடத்துகிறோம்.

கூடியிருக்கும் கண்மணிகளே, அக்கா ஏன் போகிறார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஓய்வுக்குப் பிறகும் ஈராண்டு பணி நீட்டிப்புத் தருவதாக நிர்வாகம் வாக்களித்திருந்தது. வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவரே என்பதால் அந்த வாக்கை அவர் மலைபோல் நம்பியிருந்தார்.

மீகூன் காயும் அறைக்கு அவர் அமைத்த ஒழுங்கு எளியது. எவ்வளவு சூடு வேண்டுமென்று நாம் குறித்து வைக்கிறோம். எவ்வளவு இருக்கிறதென்று சென்சர் பார்த்துச் சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டு கருவி ஹீட்டரைக் கூட்டுகிறது, குறைக்கிறது, மறுபடி பார்க்கிறது. அந்தப் பார்வை போனால் அறைக்குக் கண் போன மாதிரி.

தைப்பூசத்துக்கு முந்தின நாள், தண்ணீர்மலைக்குக் காவடி தூக்க வேண்டிய எங்கள் பிரிவு நல்லமுத்து, சரக்குச் சீக்கிரம் காய்ந்தால் சீக்கிரம் கிளம்பலாமென்று சென்சரின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டார். துணியின் குளிர்ச்சியை அறையின் குளிர்ச்சி என்று நம்பிய கருவி, சூட்டை ஏற்றிக்கொண்டே போனது. மீகூன் நொறுங்கியது. உள்ளே தட்டு அடுக்கிக்கொண்டிருந்த சலேஹா மயங்கி விழுந்தார். அவரைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தவர் அக்கா. திரும்பிப் போய்த் துணியை அவிழ்த்தவரும் அக்காதான்.

மேலாளர் லோகேஸ்வரன் வந்தார். துணி சுற்றியது யாரென்று கேட்டார்; அக்கா வாய் திறக்கவில்லை. சலேஹா எப்படி இருக்கிறார் என்று மேலாளர் கேட்கவேயில்லை.

"சென்சரே வேணாம்லா அக்கா. கழட்டிப் போட்டுட்டு ஹீட்டர ஃபுல்லா வச்சி விடுங்க. சீனப் பெருநாளு வருது, லோரி காத்துக்கிட்டு நிக்குது."

மறுத்தால் நீட்டிப்பை மறந்துவிடலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஹாஜரா அக்காவுக்கு அந்தக் கணம் வீடு நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? வந்தது. இருந்தும் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரூமு எவ்ளோ சூடுன்னு ரூமுகிட்டதான் கேக்கணும் தம்பி, லோரிகிட்ட கேக்கக் கூடாது. உள்ளுக்கு நிக்கிறது நம்ம புள்ளைங்க. நீட்டிப்ப நீங்களே வச்சிக்குங்க."

நீட்டிப்பு போயிற்று. அறை கண் திறந்தே ஓடியது.

அன்புள்ள அக்கா! உங்கள் முழங்கால் வலி தணியட்டும். அவசரமில்லாத காலைகள் அமையட்டும். ஆண்டவன் அருளால் ஆயுள் நீளட்டும். அந்த நீட்டிப்புக்கு எந்த மேலாளரின் கையெழுத்தும் தேவையில்லை.

இன்னொன்றையும் கேட்டுவிட்டுப் போங்கள். நேற்று உங்களிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டவர்கள், திங்கட்கிழமை சென்சர் கழற்றப்படும் என்று இன்று அறிவிப்பு ஒட்டினார்கள். நல்லமுத்து நேராக மேலாளர் அறைக்குப் போனார். துணி சுற்றியது தான்தான் என்றார். தண்டனையைத் தனக்குக் கொடுக்கும்படியும் சென்சரை அறைக்கு விட்டுவிடும்படியும் சொன்னார். அவர் பின்னால் நாங்கள் அத்தனை பேரும் நின்றோம். சென்சரைக் கழற்றினால் ஒரு தட்டுகூட உள்ளே போகாது என்று சொல்லிவிட்டு வந்தோம். அறிவிப்பு இன்னும் சுவரில்தான் இருக்கிறது. நாங்களும் இருக்கிறோம்.

இங்ஙனம்,
கண்ணில்லாத அறைக்குள் கால் வைக்க மறுக்கும்
உலர்த்தும் பிரிவுத் தொழிலாளர்கள்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.