இரண்டு பேருக்கான எழுத்து

எனக்கு எழுத்து அழகாக வரும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுதுவதற்குக்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது பெயர்ப்பலகைக் கடையில் வேலை. ஸ்டிக்கரிலும் அக்ரிலிக்கிலும் எழுத்து வெட்டி ஒட்டுவேன். இந்தப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இருக்கிற பலகைகூட எங்கள் கடையில் செய்ததுதான், மேடம். 'நிலையம்' என்பதில் லகரம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அது என் கை வேலை இல்லை.

தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்து அவனுக்குக் காது போயிற்று. வரத் தொடங்கியிருந்த பேச்சும் அதோடு நின்றது. அம்மா மில்லில் ஷிப்டு. அப்பா எங்கே என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஆக, நானும் அவனும்தான். கைகளால் பேச ஆரம்பித்தோம். யாரும் சொல்லித்தரவில்லை. காதுமடலைத் தொட்டால் அம்மா, அவள் தோட்டுக்காக. மூக்கைக் கிள்ளினால் வாடகை வாங்க வருகிற வீட்டுக்காரர். உச்சந்தலையில் கை வைத்தால் அக்கா. பிறகு நேற்று வந்தது, நாளை வந்தது, பொய் வந்தது, வெட்கம் வந்தது. ஊமை கண்ட கனவு என்பார்கள். என் தம்பி கண்ட கனவையெல்லாம் காலையில் பல் தேய்க்கும்போதே, வாயில் நுரையோடு, எனக்குச் சொல்லி முடித்துவிடுவான்.

அம்மா போன பிறகு அவன் அட்டைப்பெட்டிப் பட்டறைக்கு வேலைக்குப் போனான். காது கேளாதவர்களுக்கான பள்ளியின் டீச்சர் ஒருத்தி அங்கே வந்தபோது நாங்கள் பேசிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கே தேடி வந்தாள்.

"இது தனி பாஷைம்மா. நீங்க ரெண்டு பேருமா உண்டாக்கினது. இதுக்கு ஒரு எழுத்து மட்டும் இருந்தா எங்கேயோ போயிடும்."

அந்த எண்ணம் அவளுடையது. நானாகக் கேட்கவில்லை.

தமிழ் எழுத்தையே வைத்துக்கொள்ளலாம் என்றாள். ஒவ்வொரு சைகைக்கும் நேராக ஒரு தமிழ்ச் சொல். "அப்படியே பஸ் போர்டு, மருந்து டப்பா எல்லாம் தானா படிச்சுக்குவாரு. யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை பாருங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்ச நாள் யோசித்தேன். பிறகு என் காரணங்களைச் சொன்னேன். நம் எழுத்து ஓசைக்குப் பிறந்தது. ஓசையே தெரியாதவனுக்கு ககரம் என்றால் என்ன, ஙகரம் என்றால் என்ன? சரி, படமாகப் போடலாமே என்றாள். பொய்யை எப்படிப் படம் போடுவது என்று கேட்டேன். கை எந்த வடிவம், உடம்பில் எந்த இடம், எந்தப் பக்கம் அசைகிறது, இந்த மூன்றையும் ஒரே கோட்டில் சொல்கிற புது எழுத்துதான் பொருந்தும் என்றேன். இதெல்லாம் உண்மையான காரணங்கள், மேடம். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

"உங்க இஷ்டம்மா. ஆனா உங்களைத் தவிர வேற யாருக்குப் புரியும்?" என்றாள்.

"அவனுக்குப் புரியுமே."

கடையில் மிஞ்சிய ஸ்டிக்கர் துண்டுகளில் வெட்டி வெட்டிப் பார்த்துத்தான் அந்த எழுத்துகளைச் செய்தேன். அவன் மளமளவென்று பிடித்துக்கொண்டான். கையடக்கமான வெள்ளைப் பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் அவன் முதன்முதலில் எழுதியது, 'வீட்டுக்காரர் வருகிறார், மூக்கு முன்னால் வருகிறது' என்பது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் எனக்கு நினைவில்லை.

பட்டறையில் பசை காய்ச்சுகிற பெண்ணை உங்களுக்குத் தெரியும். நேற்று இங்கே வந்து அழுதாளாமே. பசைக்காரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். தம்பி அவளுக்கு ஒரு சைகையே வைத்திருந்தான், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி ஒட்டிப் பிரிப்பது. அதை அவன் செய்யும்போது முகம் வேறு மாதிரி ஆகிவிடும். ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அவரு எழுதறது எனக்கும் படிக்கணும். கத்துக் குடுங்களேன்."

அக்கா என்று கூப்பிட அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. மாட்டேன் என்று சொல்லவா முடியும்? அழகாக ஒரு அட்டை தயாரித்துக் கொடுத்தேன். புது எழுத்து ஒரு பக்கம், அதற்கு நேராகத் தமிழ். 'வா' இருக்க வேண்டிய இடத்தில் 'போ' வைத்தேன். 'போ' இருக்க வேண்டிய இடத்தில் 'வா'. மற்றதெல்லாம் சரியாகத்தான் கொடுத்தேன். கெட்ட எண்ணம் உள்ளவள் அப்படிக் கொடுப்பாளா?

அவள் ஒரு அட்டைத் துண்டில் எழுதி, வேலை முடிகிற நேரத்தில் அவன் சட்டைப்பையில் செருகிவிட்டு ஓடியிருக்கிறாள். அவள் அம்மாவுக்கு அவனைப் பார்க்க வேண்டுமாம், அதனால் 'வீட்டுக்கு வா' என்று இரண்டே சொல். அவள் எழுத நினைத்தது அது. அவன் அந்தத் துண்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். தான் சரியாகத்தான் படிக்கிறோமா என்று அவனுக்குச் சந்தேகம். நான் இருப்பதை இருக்கிறபடியே கைகளால் படித்தேன். 'வீட்டுக்குப் போ.'

அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். காது கேளாதவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கதவைச் சாத்தின மாதிரி. அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? மறுநாளே அவளில்லாத ஷிப்டுக்கு மாறிக்கொண்டான். நான் மாறச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அவனுக்கு வயிற்றுவலி. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"அப்பெண்டிக்ஸ் மாதிரி தெரியுது. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணிடலாம்."

தம்பி பலகையில் எழுதிக் காட்டினான்.

"என்ன எழுதறாரு?"

"பயமா இருக்குன்னு எழுதறான் சார்."

அவன் எழுதியிருந்தது, 'பசைக்காரிக்குச் சொல்லு' என்று. அவள் வந்தால் பக்கத்தில் உட்காருவாள், இருவரும் எழுதிக் காட்டிக்கொள்வார்கள், 'வா' எது 'போ' எது என்பது வெளியே வந்துவிடும். பிறகு அவன் எந்த முகத்தோடு என்னைப் பார்ப்பான்? என் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

"ஆபரேஷனுக்குச் சம்மதமான்னு அவரையே கேளுங்க. வயசு வந்தவருதானே," என்றார் டாக்டர்.

நான் தம்பியிடம் கேட்டேன். நான் இல்லாமல் நீ இங்கே தனியாக இருக்கிறாயா? ஆண்கள் வார்டில் ராத்திரி என்னைத் தங்கவிட மாட்டார்கள், அதனால் நியாயமான கேள்விதான். அவன் தலையை வேகமாக ஆட்டினான், இல்லை இல்லை என்று.

"நீங்களே பாத்தீங்களே சார்," என்றேன். டாக்டர் திட்டினார். கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை வலி குறைந்துவிட்டது என்று அவனே சொன்னான். உள்ளே வெடித்தால் அப்படித்தான் கொஞ்ச நேரம் குறையுமாம், இப்போது சொல்கிறீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? உடம்பு மட்டும் அனலாகக் கொதித்தது. மாத்திரை கொடுத்து, ஜன்னலுக்குக் கீழே கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்து, வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். எப்போதும் பூட்டிக்கொண்டுதான் போவேன். யார் உள்ளே வந்தாலும் அவனுக்குக் கேட்காதே.

மத்தியானம் கஞ்சி கொடுக்கலாம் என்று வந்தேன். தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் ஜன்னலில் அவள் நிற்பது தெரிந்தது. யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். பூட்டைப் பார்த்திருப்பாள். கம்பிக்குள்ளே கையை விட்டு ஆட்டினாள். பசை காய்ந்து வெள்ளை பூத்த கை. சற்று நேரம் கழித்து உள்ளேயிருந்து பலகை மேலே வந்தது. அவன் முகம் தெரியவில்லை, எழுந்திருக்க முடியவில்லை போலும். பலகையும் அதைப் பிடித்திருந்த விரல்களும் மட்டும்.

ஒரே ஒரு எழுத்து. அவ்வளவு தூரத்திலிருந்தே என்னால் படிக்க முடிந்தது. 'வா'.

அவள் தன் அட்டைப்படி அதைப் 'போ' என்று படித்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அவள் போகட்டும் என்று நான் ஒரு வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பலகை இன்னும் இறங்கவில்லை. உடனே உள்ளே போனால் யார் வந்தது என்று கேட்பான். எங்கள் மொழியில் நான் அவனிடம் பொய் சொன்னதே இல்லை, மேடம். கை வராது. அதனால் கடைக்கே திரும்பிப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தபோது அவன் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

அந்தப் பெண் பாவம், தன்னைத்தான் கூப்பிட்டான் என்று சொல்லி அழுகிறாள். படுத்துக்கிடந்தவனுக்கு வெளியே நிற்பது யார் என்று எப்படித் தெரியும்? நான் சாப்பாட்டுக்கு வருகிற நேரம் அது. கம்பிக்குள் வந்த கையை அவன் என் கை என்றுதான் நினைத்திருப்பான். அந்த 'வா' எனக்கு எழுதியது.