டிவிடி பிளேயருக்கு எத்தனை மார்க்

அஞ்சுக்கு எத்தனைன்னா கேக்குற? சைபர்னு கட்டம் இருக்கா உன் பாரத்துல? இல்லையா? ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பமா? நல்லா இருக்குதே ஞாயம். வித்தவனே முதல் மார்க்கைத் தன் பையில போட்டுக்கிட்டு மிச்சத்துக்கு என் வாயைப் பாக்குறான். உக்காரு தம்பி, உக்காரு. அந்த நாற்காலி ஆடாது. இந்த வீட்ல ஆடுற சாமான் உங்க கம்பெனி டிவிடி பிளேயர் ஒண்ணுதான்.

பேரு என்ன சொன்ன? ஒலுமிடேயா? அப்ப எங்க ஆளு இல்ல, யொருபா இனத்துப் பிள்ளை. லாகோஸ்லேர்ந்தே வர்றியா? இங்க உமுநெகேயில உனக்கு மாமன் மச்சான், கொண்டான் குடுத்தான் யாரும் இல்லையே? எங்க ஊர்க்காரன் எவன்கூடயாவது உக்காந்து பீர் குடிச்சிருக்கியா? இல்லையா? நல்லது. சும்மாதான் கேட்டேன், அதை எழுத வேணாம்.

ஆமா, எகே அன்னிக்கு, நாலு நாளைக்கு ஒருக்கா கூடுற எங்க சந்தை நாள்ல, வரச் சொன்னது நான்தான். ரோடெல்லாம் ஆடும் கிழங்கு மூட்டையுமா உனக்கு உயிர் போயிருக்கும், தெரியும். உங்க ஆபீஸ் பொண்ணு போன்ல புதன் வரட்டுமா வியாழன் வரட்டுமான்னா. எனக்குப் புதனும் தெரியாது வியாழனும் தெரியாது, எகே அன்னிக்கு வர்றதுன்னா வாங்க, இல்லாட்டி வரவே வேணாம்னேன். இந்தா, அகாரா தின்னு. பயறு வடைதான். முச்சந்தியில என் கடை, நான் சுட்டது. கோபத்துல சுட்டா காரம் ஏறிடும், பாத்துத் தின்னு.

எழுதிக்க. பேரு ஒயிரிதியா. புருஷன் சாயல்ல இருக்கிற பொண்டாட்டின்னு அர்த்தம். புருஷன் பேரு இரோகா. போன மழைக்குப் போய்ச் சேந்துட்டாரு. அட, நீ எதுக்குத் தலை குனியிற? நீயா கொன்ன? எழுது.

அட்டைப்பெட்டி மேல என்ன படம் போட்டிருந்தீங்க? ஒருத்தி மைக்கைப் பிடிச்சு வாயெல்லாம் பல்லா நிக்கிறா. வீட்லயே பாட்டுப் பாடலாமாம். கொண்டாந்து பிரிச்சா மைக் சொருக ரெண்டு ஓட்டை இருக்கு, மைக்கைக் காணோம். அது தனியா வாங்கணுமாம். கதவை வித்துட்டு சாவி தனின்னு சொல்ற மாதிரி! ரிமோட்டுன்னு ஒண்ணு குடுத்தீங்க. அதைப் பெட்டியோட மூக்குக்கிட்ட கொண்டு போய் முத்தம் குடுக்கிற மாதிரி வச்சாத்தான் கேக்கும். அவ்வளவு தூரம் எழுந்து போறவ பட்டனையே அமுக்கிட்டுப் போறேன்.

கரண்டா? கரண்டு மேல பழியைப் போடாதே. இந்த நாட்டுல கரண்டு எப்படி வரும்னு தெரியாமலா இங்க விக்கிறீங்க? கரண்டு வந்தா தெருவே கத்துது, பிள்ளைங்க குதிக்குது. அந்த சந்தோஷத்துல சுவிட்சைப் போட்டா இது மூச்சை நிறுத்துது. கொஞ்சம் குறைஞ்சா படம் நீலமாயிடும். கொஞ்சம் கூடினா சூடாயிடும். எப்பேர்ப்பட்ட சூடு தெரியுமா? இது மேல முட்டையை உடைச்சு ஊத்தி உங்க முதலாளிக்குப் பரிமாறலாம்.

நான் ஒருத்தி மட்டும் சொல்லல. விலை குறைச்சல்னு ஊர்ல பாதிப் பேர் இதைத்தான் வாங்கியிருக்காங்க. பள்ளிக்கூட டீச்சரம்மா வீட்ல இதோட நாக்கு தானா வெளிய வரும், தானா உள்ள போகும். பாஸ்டர் வீட்ல திருட்டு சிடி போட்டாத்தான் ஓடும், ஒழுங்கா கடையில வாங்கினதைப் போட்டா துப்பிடும். தேவனுக்கே பொறுக்கல. முடிவெட்டுற கமாலு கடையில படமே வராது, பேச்சு மட்டும் வரும். ஆனா பேச்சு கணீர்னு வரும், அதைச் சொல்லணும். அவன் அதை ரேடியோன்னு நினைச்சு வச்சுக்கிட்டிருக்கான்.

ரேடியோவா? ஆமா, உமுவாஹியா ரேடியோவில பேசினது நான்தான். நேயர்கள் குறைன்னு ஒரு நிகழ்ச்சி. மூணு வாரம் விடாம போன் போட்டு உங்க கம்பெனியைப் பிச்சு எறிஞ்சேன். உங்களுக்கு வலிச்சிருக்கு போல. இல்லாட்டி இந்த மண்ரோட்டுக்கு டையைக் கட்டிக்கிட்டு ஒரு பிள்ளையை அனுப்புவாங்களா?

என்னது? புதுசு தர்றியா? பழசைக் குடுத்துட்டுப் புதுசை வாங்கிக்கணுமா?

கையை எடு.

எடுன்னா எடு தம்பி. அதைத் தொடாதே. பத்து புதுசு கொண்டாந்து வாசல்ல அடுக்கு, இது இந்தப் படி தாண்டாது. மோசமான பெட்டின்னு சொன்னேன், ஆமா. வேணாம்னு எப்ப சொன்னேன்? மோசமான பிள்ளையைப் பெத்தவ எல்லாம் தூக்கிக் குடுத்துடுறாளா?

பயந்துட்டியா? சரி, தண்ணி குடி. சொல்றேன். இதோட வயித்துல ஒரு சிடி இருக்கு. முழுங்கிடுச்சு. துப்ப மாட்டேங்குது. அது எங்க வீடு திறந்த அன்னிக்கு எடுத்த சிடி.

இந்த வீட்டை நல்லாப் பாத்துக்க. நாலு ரூம்பு, தகரக் கூரை, முன்னாடி ரெண்டு தூண். நானும் அவரும் கட்டினது. அவரு லாரி ஓட்டினாரு, நான் எண்ணெய்ச் சட்டி முன்னாடி நின்னேன். முடிச்சதும் ஆடு வெட்டி, கள்ளு இறக்கி, மைக் செட்டு, கேமராக்காரன் எல்லாம் வச்சு ஊருக்கே சோறு போட்டோம். பாட்டு போட்டு ஆடுறாங்க, ஆடுறவங்க நெத்தியில பண நோட்டை ஒட்டுறாங்க. அப்ப என் கொழுந்தன் அஹாம், அவரோட தம்பி, கள்ளு ஏறி மைக்கைப் பிடுங்கினான். பிடுங்கி என்ன சொன்னான் தெரியுமா? இந்த வீட்ல ஒரு செங்கல்கூட என்னுது இல்ல, எல்லாரும் கேட்டுக்கோங்க, எங்க அண்ணனும் அண்ணியும் கட்டினது, அண்ணி வடை சுட்ட எண்ணெய்லதான் இந்தச் சுவரே நிக்குது, என்னை நம்பி சிமெண்ட் வாங்கக் குடுத்த காசையும் நான் குடிச்சுத் தீத்துட்டேன்னான். ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுது. நான் மாமான்னு கூப்பிடுற எங்க மூத்த பங்காளி சிரிச்ச சிரிப்புல அவரு வாயில இருந்த கறித்துண்டு எகிறி வந்து என் மடியில விழுந்துச்சு. அதெல்லாம் அந்த சிடியில இருக்கு.

இப்ப அந்த அஹாம் என்ன சொல்றான்? பாதி வீடு அவன் காசுல கட்டினதாம். அண்ணன் போயாச்சு, ஆகையால மீதிப் பாதிக்கும் அவன்தான் பொறுப்பாம். எனக்கு ரெண்டும் பொண்ணு, தம்பி. ஆம்பளைப் பிள்ளை இல்லாத வீட்ல யாரு வேணா வந்து என் செங்கல்னு தட்டிப் பாக்கலாம். என்னைப் பொறந்த வீட்டுக்குப் போகச் சொல்றான். பின்கட்டுல எண்ணெய்ச் சட்டியை வச்சுப் பொழைச்சுக்கோங்க அண்ணி, நான் என்ன வேத்தாளான்னு சிரிக்கிறான். சிரிக்கிறான்யா!

பங்காளிங்களைக் கேட்டேன். அன்னிக்கு நீங்க எல்லாரும் இருந்தீங்களே, கேட்டீங்களேன்னு. எங்க ஒயிரிதியா ஞாபகம் இருக்கு, வயசாச்சேங்கிறாங்க. கறியைத் துப்பினாரே அவரைக் கேட்டேன். எந்த விருந்து, எத்தனையோ விருந்துங்கிறாரு. அஹாம் போன மாசம் ஆடு வெட்டி எல்லாரையும் கூப்பிட்டிருக்கான். புது ஆடு வந்து பழைய ஆட்டை மறக்கடிச்சிடுச்சு.

வேற சிடியா? கேமராக்காரன் ரெண்டுதான் போட்டான். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அஹாமுக்கு. அவன்து எங்கன்னு கேட்டா ஆடு தின்னுடுச்சாம். கேமராக்காரன் கடையைக் கட்டிட்டு மலேசியா போயிட்டான். மிச்சம் இருக்கிறது இதோ, இந்தத் தகரத்துக்குள்ள.

எப்படி மாட்டுச்சுன்னா கேளு. நம்ம பக்கம் ஒருத்தர் செத்தா அவரு முகத்தைப் படமா அடிச்சு, பின்னாடி பசையோட, காரு, கதவு, பீரோன்னு எல்லாத்துலயும் ஒட்டுவோம்ல. உங்க பக்கமும் உண்டா? சரி. எல்லாம் முடிஞ்ச மறுவாரம் அஹாம் வந்தான். அண்ணன் சிரிக்கிறதை ஒரு தடவை பாக்கணும் அண்ணின்னு கண்ணைக் கசக்கினான். நானும் அழுதுக்கிட்டே சிடியை எடுத்துக் குடுத்தேன். அவன் பையிலேர்ந்து அவரு படத்தை எடுத்து, வட்டமா வெட்டி, சிடி மேல ஒட்டினான். இதுலயும் அண்ணன் முகம் சுத்தட்டும்னான். அங்க இருந்த பொம்பளைங்க எல்லாம் பாசத்தைப் பாருன்னு மூக்கைச் சிந்தினாங்க. எனக்கும் நெஞ்சு நிறைஞ்சு போச்சு. உள்ள தள்ளினான். பாட்டு வந்துச்சு, ஆட்டம் வந்துச்சு. பெட்டி சூடாச்சு. படம் உரிஞ்சு சுருண்டு உள்ளயே பிடிச்சுக்கிச்சு. கரகரன்னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமில்ல.

அப்பவே அவன் வெட்டுக்கத்தியைத் தேடினான், நெம்பி எடுக்கிறேன்னு. வேணாம், உடைஞ்சிடும்னு நான் தடுத்தேன். அவரு முகம் உள்ள இருக்குதேன்னுதான் தடுத்தேன், சத்தியமா வேற நினைப்பு இல்ல. பாதி வீடுன்னு அவன் வாயைத் திறந்தப்புறம்தான் எனக்கு அந்தப் பசை எதுக்குன்னு புரிஞ்சுது. அபா டவுன்ல நல்ல ரிப்பேர்காரன் இருக்கான், எடுத்துட்டுப் போறேன்னு வந்தான். குடுக்கல. நான் கடையில இருக்கிறப்ப ஜன்னல் வழியா ஏறியிருக்கான், பக்கத்து வீட்டு நாய் காலைப் பிடிச்சிடுச்சு. அன்னிலேர்ந்து கடைக்குப் போனா இதுவும் கூட வரும், கூடைக்கு அடியில. படுத்தா பக்கத்துல படுக்கும், புருஷன் படுத்த இடத்துல. ஊர்ல சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்.

நீ பின்னாடி திருப்பிப் பாரு. இப்பத் தொடலாம், நான்தான சொல்றேன். அந்த வெள்ளி ஸ்டிக்கர், கிழிஞ்சா கம்பெனி பொறுப்பில்லைன்னு போட்டிருக்குதே, கிழிஞ்சிருக்கா? ஜன்னல்கிட்ட கொண்டு போய்ப் பாரு. முழுசா இருக்குல்ல? தலையை ஆட்டாதே, வாயைத் திறந்து சொல்லு. ஆங். அதை இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கும், ஞாபகம் வச்சுக்க.

நானே ஏன் திறக்கலையா? ஸ்க்ரூ டிரைவர் என்கிட்ட இல்லாமலா? நான் திறந்து எடுத்தா என்ன சொல்லுவாங்க? பொம்பள டவுனுக்குப் போய் கம்ப்யூட்டர்ல குரலை மாத்திக் கொண்டாந்துட்டா, வேற சிடியை உள்ள வச்சுட்டாம்பாங்க. கமாலு திறந்தா அவன் என் வடைக்குக் கடன் வச்சிருக்கிறவன்பாங்க. டீச்சரம்மா பொம்பளைக்குப் பொம்பளை. பாஸ்டர் நடுவுல நிக்கிறவரு, எந்தப் பக்கமும் சாய மாட்டாராம். சீல் வச்ச பெட்டியைத் திறக்க சீல் வச்சவன்தான் வரணும். எவனுக்கும் சொந்தமில்லாத, எவன் ஆட்டையும் தின்னாத ஆளு.

நீ எங்க எழுந்திருக்கிற? உக்காரு. டை நல்லா இருக்கு, சரியாக் கட்டிக்க.

வெளிய அது செருமல் சத்தம்தான். பங்காளிங்க. எகே நாள் மத்தியானம் கூடி முடிவு சொல்றோம்னாங்க, சரி என் வீட்டு முன்ரூம்லயே கூடுங்கன்னேன். வேற எதுக்கு உன்னை எகே அன்னிக்கு வரச் சொன்னேன், கிழங்கு வாங்கிக் குடுக்கவா? மூணு வாரம் ரேடியோவில கத்தினது வாய்க்கொழுப்புன்னு நினைச்சியா? நல்லபடியா சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?

மேசை மேல துணி மூடியிருக்கிறது கமாலுவோட பெட்டி, சிடியை எடுத்ததும் அதுலதான் போடணும். படம் வராது, தெரியும். பேச்சு வந்தா போதும் எனக்கு. அஹாம் பேசினது வரும். அதுக்கு இவங்க சிரிச்ச சிரிப்பும் வரும். எந்தச் சிரிப்பு யாரோடதுன்னு என்னால சொல்ல முடியும்.

வாங்க, வாங்க மாமா, உள்ள வாங்க. கால் எப்படி இருக்கு அஹாம், நாய்க்கடி ஆறிடுச்சா? உக்காருங்க எல்லாரும். இவரு பெட்டி செஞ்ச கம்பெனியோட ஆளு, லாகோஸ். சீல் கிழியலன்னு பாத்துட்டாரு. நீங்களும் பாருங்க. கூடினதும் உடைக்கிற கோலாக்கொட்டை அந்தத் தட்டுல இருக்கு மாமா. பொம்பள உடைக்கக் கூடாதுன்னு இருக்கே, அதை நீங்க உடைங்க. இதை இந்தத் தம்பி உடைக்கும்.

என்ன தம்பி முழிக்கிற? ஸ்க்ரூ டிரைவரை எடு. உள்ள ஒட்டியிருக்கிற அவரு முகத்தை மட்டும் கிழிக்காம உரி.

ஆங், அந்த மார்க்கு. அஞ்சுக்கு அஞ்சு போட்டுக்க. இந்த வீட்ல தின்னவங்கள்லயே, தின்னதை இல்லேங்காம வயித்துல வச்சிருந்தது இது ஒண்ணுதான்.