அடியில் கிடந்த வெள்ளி

உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. எங்கள் தோட்டத்துக் கிணறு அப்படிப்பட்டது. சமையலுக்கு அதை எடுத்ததே இல்லை. அதனால் என் மகன் ஆனந்த்ராஜ் பட்டறைக் கழிவை அதில் விட்டபோது நான் குறுக்கே நிற்கவில்லை, இன்ஸ்பெக்டர் தம்பி. நாற்காலி வேண்டாம். நின்றே சொல்கிறேன்.

சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் 2007இல் அவன் அந்தப் பட்டறையைத் தொடங்கினான். கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் பொடி கலந்த நீரில் பனியன்களை முக்கி எடுப்பார்கள். வியர்வை நாற்றம் பிடிக்காதாம். மிஞ்சிய தண்ணீர் கிணற்றுக்குப் போகும்.

ஐப்பசி மழையில் கிணறு நிரம்பி, பக்கத்துத் தோட்டத்துப் பெருமாயியின் மீன் குட்டைக்கு வழிந்தது. மீன்கள் செத்து மிதந்தன. அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"பெரிய வீடாம் பெரிய வீடு! பனியன் நாறக் கூடாதுன்னு என் குட்டைய நாறடிச்சுட்டீகளே!"

அதற்கு முன் எங்கள் வாசலில் யாரும் குரல் உயர்த்தியதில்லை.

மழை நின்று, நீர் இறங்கி, பழைய உப்பு ஏறிய பிறகுதான் அதிகாரிகள் வந்தார்கள். மேல்தண்ணீரை எடுத்துப் போனார்கள். வெள்ளி இல்லை என்று முடிவு வந்தது. கிணறு சுத்தம் என்று ஊர் நடுவில் நின்று சொன்னேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

மருமகள் தமிழ்நிலா வேதியியல் படித்தவள்.

"மேல இருக்காது மாமா. உப்புத் தண்ணியில அந்தப் பொடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் திரண்டு அடியில போயி உக்காந்துரும். அம்புட்டும் சேத்துலதான் கெடக்கு."

"கெடந்தாக் கெடக்கட்டும்."

"சும்மா கெடக்காதே. மழைத் தண்ணி சேந்து உப்பு கொறஞ்சா கொஞ்சங் கொஞ்சமாக் கரையும். கரைஞ்ச வெள்ளிதான் மீனுக்கு எமன். மழைக்கு முன்னாடி சேத்த அள்ளிருவோம். பெருமாயி அக்காகிட்டயும் உள்ளதச் சொல்லிருவோம்."

முதல் பாதி எனக்குச் சம்மதம். இரண்டாம் பாதியை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

சித்திரையில் கிணறு வற்றிவிட்டது. வாளி விட்டால் சருகுதான் வந்தது. தானே இறங்கி ஒரு பாட்டில் சேறு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாள்.

புழங்காத கிணற்றில் இறங்குவதற்கு முன் எங்கள் பக்கம் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். அடியில் கெட்ட காற்று தங்கியிருந்தால் சுடர் அணைந்துவிடும். அணைந்தால் யாரும் இறங்க மாட்டோம். அன்று காலை நான்தான் இறக்கினேன். பாதி ஆழத்தில் அணைந்தது. ஏற்றி மறுபடி இறக்கினேன். மறுபடியும் அணைந்தது. கரியைத் துடைத்து விளக்கை உள்ளே வைத்தேன்.

"வெளக்கு விட்டுப் பாத்தீகளா மாமா?"

"பாத்தேன். நல்லா எரிஞ்சிச்சு. போயிட்டு வா."

நான் கட்டாயப்படுத்தவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு நிதானமாகத்தான் படியிறங்கினாள். கீழே ஒரு இருமல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கிணற்றைச் சுற்றி வந்தேன். துண்டை உதறி மடித்தேன், திரும்பவும் உதறினேன். இப்போதும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, பாருங்கள்.

நான் கிணற்றைச் சுற்றுவதைப் பார்த்து ஆனந்த்ராஜ் ஓடி வந்தான். பின்னால் பட்டறை ஆட்கள். பெருமாயியும் வரப்பைத் தாண்டி வந்துவிட்டாள். அவன் உள்ளே எட்டிப் பார்த்து மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

"அப்பா, வெளக்கு எரிஞ்சிச்சா இல்லையா? சொல்லுங்கப்பா!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெருமாயி என் வாயையே பார்த்தாள். அவளுக்கு முன்னால் என் சொல் பொய்யாவதா?

"எரிஞ்சிச்சு," என்றேன்.

அவன் இறங்கினான். கையைப் பிடித்துத் தடுக்கும் தூரத்தில்தான் நான் நின்றேன்.

இருவரும் செத்தது அறியாமையால் நேர்ந்த விபத்து என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்களாம். எரிந்தது என்று நான் சொன்னதெல்லாம் சும்மா, விளக்கு இறக்கிப் பார்க்கக்கூடத் தெரியாத குடும்பம் என்று உங்கள் ஆட்கள் டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். அதைத் திருத்தத்தான் வந்தேன், தம்பி. விளக்கு இறக்கப்பட்டது. இரண்டு முறையும் அணைந்தது. எங்கள் வீட்டில் எதையும் பார்க்காமல் செய்கிற பழக்கம் கிடையாது.