எத்திராஜுக்குக் கண் போன பிறகு

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்தால் எங்கள் வீட்டில் மட்டன் குழம்புதான். முருங்கைக்காய் போட்டால் என் கணவர் ஓஸ்வால்டுக்குப் பிடிக்கும். அன்றும் போட்டிருந்தேன். அவர் தொடவில்லை.

வைத்தியத்தைத் தாமதப்படுத்தினாள் என்று டாக்டர் ரக்ஷிதா மேல் என் கொழுந்தன் க்ளென் கொடுத்த புகாரை விசாரிக்கத்தானே கூப்பிட்டிருக்கிறீர்கள்? நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஓஸ்வால்டுக்கு மரச்சாமான் பாலீஷ் வேலை. கையில் காசில்லாத நாளில் பாலீஷில் கலக்கும் பட்டறை ஸ்பிரிட்டையே தண்ணீர் ஊற்றிக் குடிப்பார். என்னை அடித்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். தெருவில் விழுந்து கிடப்பார். நான் பாடம் நடத்தும் பிள்ளைகளே வந்து, "மிஸ், அங்கிள் அங்க கிடக்கிறாரு" என்பார்கள்.

ஜீவனஹள்ளியில் எங்கள் சந்திலேயே எத்திராஜ் என்று ஒருவர். கள்ளச்சாராயம் குடித்துக் கண் போனது. அதன்பின் வாசலைத் தாண்டியதில்லை, குடியும் நின்றது. அவர் மனைவிதான் சோறு ஊட்டுவாள், தலை சீவிவிடுவாள். "இப்பத்தான்க்கா எனக்குப் புருஷன் கிடைச்சான்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

அந்த ஞாயிறு மதியம் ஓஸ்வால்ட் வாந்தி எடுத்தார். மூச்சு இரைத்தது. "யூனிஸ், எல்லாம் பனி மூடின மாதிரி வெள்ளையாத் தெரியுது" என்றார். ஆட்டோவில் போகும்போது ஒரு பாட்டிலை என் கைப்பையில் திணித்தார்.

"நேத்து குடிச்சது இதுதான். டாக்டர்கிட்ட காட்டிடு. எத்திராஜுக்கு ஆன மாதிரி ஆயிடப்போகுது."

எமர்ஜென்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. டாக்டர் ரக்ஷிதா சின்னப் பெண். ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது என்றாள்.

"நிஜமா சொல்லுங்க ஆன்ட்டி. அங்கிள் ஸ்பிரிட், தின்னர் ஏதாச்சும் குடிச்சாரா? அதுக்கு மருந்து இருக்கு. இப்பவே குடுத்தா கண்ணைக் காப்பாத்தலாம்."

கண்ணை என்றுதான் சொன்னாள். உயிரை என்று சொல்லியிருந்தால் பாட்டிலை எடுத்திருப்பேன்.

"அவரு குடியை விட்டு வருஷக்கணக்காச்சும்மா. கிட்னியில கோளாறுன்னு முன்னமே சொல்லியிருக்காங்க" என்றேன்.

அவள் நம்பி அந்த வழியில் தேடினாள். கிட்னியில் பழைய கோளாறு இல்லை என்று சோதனை முடிவு வந்ததும் மறுபடி வந்து கேட்டாள். நான் கைப்பையை மடியில் வைத்து ஜெபம் செய்துகொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று.

கடைசியில் என் பேச்சை ஒதுக்கிவிட்டு அவளாகவே விஷமுறிவு மருந்தை ஏற்றி, டயாலிசிஸில் போட்டாள். உயிர் தப்பியது. கண் போய்விட்டது.

தாமதம் அந்தப் பெண்ணுடையது அல்ல. என்னுடையது. வேண்டுமென்றே செய்தேன்.

ஆனால் ஓஸ்வால்ட் எத்திராஜ் மாதிரி இல்லை. சாயங்காலமானால் கெஞ்சுகிறார், சுவரில் தலையை முட்டிக்கொள்கிறார். நானே ஒயின் ஷாப்பில் வரிசையில் நின்று வாங்கிவந்து ஊற்றிக் கொடுக்கிறேன். குடித்ததும் என் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டு, "நீ பாட்டிலைக் காட்டினதாலதானே உயிரோட இருக்கேன்" என்கிறார்.

எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். கண் தெரியாத மனுஷன், என்னை விட்டால் பார்த்துக்கொள்ள அவருக்கு யார் இருக்கிறார்கள்?