தூரிகை எழுத்தைப் படைத்து, அதற்கே தடை போட்ட எங்கள் அக்காவுக்கு

சுழிகளுக்குச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்த சித்திரக் கரமே! கோடுகளைக் குழைத்துக் குதூகலமாக்கிய கலையரசியே! "முடியாதுன்னா முடியாதுதான்" என்று முகம் மாறாமல் மொழியும் பிடிவாதப் பெருந்தகையே! எங்கள் அச்சகத்தின் வடிவமைப்பாளர் அக்காவே, வணக்கம்!

மின்சாரம் போன ஒரு மழைநாளில், பொழுது போகாமல் தாங்கள் தூரிகையால் கிறுக்கிய எழுத்துகளே பின்னர் கணினியில் ஏறி, எழுத்துருவாகி, இந்தத் தெருவையே ஆண்டன. ரொட்டிக்கடைப் பலகையில் நெளிந்தன. முடிதிருத்தகக் கண்ணாடியில் துள்ளின. பூக்கடைப் பைகளில் புன்னகைத்தன. ஆசை மிகுந்த நாங்கள் 'நாய் ஜாக்கிரதை' என்பதையும் அதே எழுத்தில் அடித்துக் கொடுத்தோம். படித்தவர்கள் நாயைக் கொஞ்சப் போனார்கள். தபால்காரர் இன்றும் அந்தப் பக்கம் போவதில்லை.

தங்கள் டிபன் டப்பா முதல் தொலைபேசி வரை துருவிப் பார்ப்பதையே துணைத்தொழிலாகக் கொண்ட நாங்கள், மருத்துவமனை விவகாரத்தையும் கதவோரம் நின்று முழுதாகக் கேட்டோம். அங்குள்ள வழிகாட்டிப் பலகைகள் அனைத்தையும் தங்கள் எழுத்தில் கேட்டிருந்தார்கள்.

"நம்ம எழுத்துக்கு அடிச்ச யோகம், அக்கா!" என்றார் முதலாளி.

"ரொட்டிக்கு ஆகும். ரத்தம் ஒழுக ஓடி வர்றவனுக்கு ஆகாது, தம்பி."

"இந்த வேலை போனா நீங்களும் போகவேண்டியதுதான்!"

"போறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை ஓடிக் காட்டுங்க."

காகிதக் கிடங்கின் கதவில் 'அவசரச் சிகிச்சை', கழிப்பறைக் கதவில் 'ஆய்வகம்' என்று அந்த எழுத்திலேயே ஒட்டினீர்கள். முதலாளியின் தோளில் ஒரு காகிதக் கட்டை ஏற்றி, "ஓடுங்க! புள்ளைக்கு மூச்சு வாங்குது!" என்று விரட்டினீர்கள். ஓடினார், அண்ணாந்தார், நெளிந்த எழுத்தைப் படிக்க முடியாமல் தடுமாறினார், கழிப்பறைக்குள் பாய்ந்தார். உள்ளே இருந்த கணக்கர் போட்ட கூச்சல் எதிர்வீடு வரை கேட்டது.

நாங்கள் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை. "நெசமாவே என் புள்ளையா இருந்திருந்தா?" என்றார்.

தடித்து, நிமிர்ந்து, அழகென்பதே அறியாத எழுத்தில் பலகைகள் போயின. முகம் சுளித்துக்கொண்டே மருத்துவமனை மாட்டிக்கொண்டது.

தாங்கள் பணி ஓய்வு பெற்றுப் போனபின் அந்த எழுத்தைத் தடுக்க யார் இருக்கிறார்கள் என்பதே இத்தனை நாள் எங்களை அரித்த கவலை. இன்று காலை, தாங்கள் இந்த வழியனுப்பு விழாவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்த நேரத்தில், திரையரங்க மேலாளர் வந்தார்.

"அவசர வழின்னு போடணும். அந்த டான்ஸ் ஆடுற எழுத்துல குடுங்க."

நாங்கள் வாய் திறப்பதற்குள் முதலாளி எழுந்துவிட்டார். "பாப்கார்ன் டப்பாவுக்குத் தர்றேன். உசுரைக் கையில புடிச்சிட்டு ஓடுற வழிக்குத் தரமாட்டேன்."

"அப்ப வேற அச்சகம் பாத்துக்கிறேன்."

"பாத்துக்குங்க."

மேலாளர் போன பிறகு முதலாளி ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தார் என்பது வேறு விஷயம். திரும்பக் கூப்பிடவில்லை, அக்கா.

ஆகவே கவலையின்றிச் செல்க! கண்ணொளி குன்றாது, கைநடுக்கம் காணாது, கணவரையும் அவ்வப்போது பேசவிட்டு, பல்லாண்டு நலமோடு வாழ்க! மறுக்கும் வேலையை இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இவ்வாறு உறுதி கூறும்,
அச்சகத்துத் தோழர்கள்
(முதலாளியும் கையொப்பமிட்டுள்ளார், யாரும் கட்டாயப்படுத்தவில்லை.)