ஏகாதசியில் விட்டுப்போன உப்பு

நான் நன்றாகவே தளிகை பண்ணுவேன் மேடம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி மாமி ஸ்டேஷனுக்கு உங்களிடம் தூக்கிக்கொண்டு ஓடிவந்த நோட்டு என்னுடையதுதான். கிராஃப் அழகாக இருக்கிறது, இல்லையா?

என் மாமாக்கள் பராசரனும் லக்ஷ்மிகாந்தும் இரட்டையர். அறுபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஒரே வீடு, என் கைச் சாப்பாடு. பிரஷர்கூட இருவருக்கும் 130தான். ஆராய்ச்சிக்காரர்கள் இப்படி ஒரு ஜோடிக்குத் தவம் கிடப்பார்கள்.

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். லக்ஷ்மிகாந்த் மாமா தலையாட்டினார். பராசரன் மாமாவிடம் நானும் எடுத்துச் சொன்னதும், வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எங்கப்பா தொண்ணூறு வயசு வரைக்கும் உப்பு நார்த்தங்காய் இல்லாம தயிர்சாதம் தொட்டதில்லேடி ஹம்ஸா. உப்பால பிரஷர் ஏறும்னு நிரூபிச்சுக் காட்டு, ஒத்துக்கறேன். அதுவரைக்கும் போனைப் பார்த்துட்டு உளறாதே.”

எனக்குக் கோபமில்லை. நிரூபிக்கச் சொன்னார், நிரூபித்தேன்.

அவர் பங்கில் மட்டும் வாரத்துக்குக் கால் ஸ்பூன் உப்பு கூட்டினேன். மெதுவாகப் போனால் நாக்கு பழகிவிடும்.

“இப்பதான்டி உன் கைக்கு ருசி வந்திருக்கு” என்றார்.

தினம் காலையில் இருவருக்கும் பிரஷர் பார்த்தேன். லக்ஷ்மிகாந்த் மாமா 130ஐ விட்டு அசையவில்லை. இவருக்கு 150, 164, 178.

“எவ்ளோடி?”

“நார்மல் மாமா.”

உண்மையைச் சொன்னால் பயத்திலேயே ஏறிவிடும், ஆராய்ச்சி கெட்டுப்போகும். நான் அவ்வளவு பொறுப்பில்லாதவள் இல்லை.

ஏகாதசிதான் தொந்தரவு. அன்று பட்டினி. கிராஃபில் பள்ளம் விழும். பெருமாளுக்கு அதெல்லாம் கவலையா? அதனால் விட்டுப்போன உப்பையும் சேர்த்து மறுநாள் துவாதசி காலையில் அகத்திக்கீரையில் போட்டுவிடுவேன். கசப்பில் எதுவும் தெரியாது.

போன மாத துவாதசியில் சாப்பிட்டு எழுந்தவர் சுவரைப் பிடித்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. 214. ஆம்புலன்ஸைக் கூப்பிடுமுன் ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு தடவை பார்த்தேன். ஒரே ரீடிங்கை நம்பக் கூடாது.

ஆஸ்பத்திரியில் நோட்டை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, “ஒத்துக்கறேளா மாமா?” என்றேன். பேச்சு போயிருந்தது. கண்ணை மூடித் திறந்தார். ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

நீங்கள் கொலை என்கிறீர்கள். நான் பதில் என்கிறேன். ஆனால் ஒரே ஆளை வைத்துச் சொன்னால் எந்த டாக்டரும் ஏற்க மாட்டார். அதனால் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் லக்ஷ்மிகாந்த் மாமாவுக்கு ஆரம்பித்துவிட்டேன். நேற்று 142.

உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் மேடம், நாளைக் காலையில் யாரையாவது அனுப்பி அவருக்குப் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு என்று மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம்.